ஷெர்லாக் ஹோம்ஸ் ஒலிநாடகங்கள்: காதால் துப்பறிய முடியுமா?

மலைச்சரிவு, சாட்ஸ்வர்த்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளை வைத்து ஓர் ஒலிநாடகம் பதிவு செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மேடை நாடகம் என்றால் உடை, திரை, ஒப்பனை என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். இதற்கு மைக்கும் குரலும் போதும். அதைவிட முக்கியமானது வேறொன்று. தமிழ் எழுத்தை வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகூட, வசனத்தைக் காதால் கேட்டால் டக்கென்று பிடித்துக்கொள்கிறது.

கதை ஹோம்ஸ் கதைதான் என்று பிள்ளைகளே முடிவு கட்டிவிட்டார்கள். அதனால் பழைய வானொலி நாடகங்களைத் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம் தென்னாப்பிரிக்காவிலேயே ஒரு நல்ல தொடர் வந்திருக்கிறது. ஸ்பிரிங்போக் ரேடியோவில் 1979இல் தொடங்கியது. ஹோம்ஸாக கிரஹாம் ஆர்மிடேஜ், அவருடைய நண்பரும் கதைசொல்லியுமான வாட்சனாக கெர்ரி ஜோர்டன். பல பகுதிகள் இணையத்தில் இன்னும் கிடைக்கின்றன. ஆர்மிடேஜின் குரலில் அவசரமே இல்லை. எதிரில் இருப்பவரை முழுசாகப் பேசவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறக்கிறார்.

என் மனசில் இருக்கிற கதை ‘பிளாஞ்ச்ட் சோல்ஜர்’. இங்கே பிரிட்டிஷாருக்கும் டச்சு வம்சாவளிப் போயர்களுக்கும் நடந்த போயர் போர் முடிந்த மறு வருஷம், 1903 ஜனவரியில் நடக்கிறது. பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் டைமண்ட் ஹில் சண்டையில் குண்டடி பட்ட ஒரு பையன் ஊர் திரும்பியதும் காணாமல் போகிறான். அவனோடு சேர்ந்து போரிட்ட நண்பன் ஹோம்ஸிடம் வருகிறான். நம் பிள்ளைகளுக்கு இடமெல்லாம் தெரிந்த இடமாக இருக்கும்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். எந்த வானொலி வடிவத்தை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்? அடுத்தது, என்னை ரொம்ப யோசிக்க வைக்கிற விஷயம்: ஹோம்ஸ் கண்ணால் துப்பறிகிறவர். சட்டையில் சேறு, விரலில் மைக்கறை, வெயிலில் கறுத்த மணிக்கட்டு என்று எல்லாமே பார்வை. படமே இல்லாத வானொலியில் அதை எப்படிக் கொண்டுவருகிறார்கள்?

லெனேசியா ஒலிக்காரன்

நல்ல வேலை எடுத்திருக்கீங்க டீச்சர். பதிவு, எடிட்டிங் எல்லாத்துக்கும் நான் இருக்கேன்.

ஸ்பிரிங்போக் பற்றி ஒரு வார்த்தை. 1950 மே 1லிருந்து 1985 டிசம்பர் 31 வரைக்கும் ஓடின நிலையம் அது. நம்ம நாட்டுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரி 5ஆம் தேதிதான். மத்த நாட்டில் 50களிலேயே வானொலி நாடகத்தைத் தொலைக்காட்சி ஓரங்கட்ட ஆரம்பிச்சிடுச்சு. இங்கே அது நடக்கவே இல்லை. கால் நூற்றாண்டு நடிகர்கள், எழுத்தாளர்கள், ஓசை போடுறவங்க எல்லாரும் வேலையை விடாமல் செய்துகிட்டே இருந்தாங்க. ‘ஸ்குவாட் கார்ஸ்’ மாதிரி போலீஸ் தொடருக்கு வீதியே காத்துக்கிடந்த காலம். ஹோம்ஸ் தொடர் வந்தப்போ அந்தக் கை பழகின கை. கதவு திறக்கிற ஓசையைக் கேட்டாலே அது பெரிய வீட்டுக் கதவா, கொட்டகைக் கதவா என்று சொல்லிடலாம்.

டிவி வந்து மூணு வருஷம் கழிச்சுத்தான் ஹோம்ஸைத் தொடங்கினாங்க என்பதையும் கவனிங்க. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிச்சிருக்கு.

புதுவரவு, கேப்டவுன்

நான் கோயம்புத்தூர்க்காரன், வேலைக்காக இங்கே வந்திருக்கேன். ஒரு மாற்றுக் கருத்து சொல்லலாமா?

நாடகமே வேண்டாம், அப்படியே வாசிச்சா போதும்னு நினைக்கிறேன். ஸ்டீபன் ஃப்ரை மொத்தக் கதைகளையும் வாசிச்ச ஒலிநூல் 2017ல வந்தது. காரில் போகும்போது அதைத்தான் கேட்கிறேன். அதில் வாட்சன் எழுதின ஒரு வரிகூட விடுபடலை. நாடகமாக்கினால் முதலில் வெட்டுப்படறது வாட்சனோட வர்ணனைதான். துப்பு முழுக்க அந்த வர்ணனையில்தானே இருக்கு? டீச்சர் கேட்ட கேள்விக்கு வாசிப்பில் பிரச்சினையே இல்லை. ‘இடது கையில் சேறு தெறித்திருந்தது’ன்னு வாட்சன் எழுதியிருந்தா, வாசிக்கிறவர் அதை அப்படியே வாசிச்சிடுவார்.

மரிட்ஸ்பர்க் வாத்தியார்

கேப்டவுன் தம்பிக்கு: வாசிப்பு நல்லதுதான், ஆனால் டீச்சரிடம் இருப்பது ஒரு வகுப்புப் பிள்ளைகள். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பதில் அவர்களுக்கு என்ன பங்கு? அதோடு, நீங்கள் சொன்ன வாட்சன் பிரச்சினைதான் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக வானொலி எழுத்தாளர்கள் மோதிக்கொண்டிருக்கும் சுவர். அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

1930 அக்டோபர் 20. நியூயார்க்கில் என்பிசி நிலையம். மேடையில் பல காலம் ஹோம்ஸாக நடித்த வில்லியம் ஜில்லெட் ஒலிவாங்கி முன் நின்றார். நாடகம் ‘ஸ்பெக்கிள்ட் பேண்ட்’. எழுதியவர் எடித் மைசர் என்ற பெண்மணி. ஹோம்ஸை வானொலிக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்குக்கு ஈடாக இன்னொருவரைச் சொல்வது கடினம். விளம்பரதாரர் ஒரு காபி நிறுவனம். ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் அதே ஆண்டு ஜூலையில் காலமாகிவிட்டார். இந்த ஒலிபரப்பைக் கேட்க அவருக்கு வாய்க்கவில்லை.

அந்தக் கதையை முதலில் எடுத்ததில் காரணம் இருக்கிறது. அது ஏற்கெனவே காதுக்காக எழுதப்பட்ட கதை. நடு இரவில் மெல்லிய சீழ்க்கை. தொடர்ந்து இரும்பு விழுந்தது போல ஒரு சத்தம். கடைசி இரவில் இருட்டறையில் ஹோம்ஸும் வாட்சனும் விளக்கில்லாமல் காத்திருக்கும்போது, கெட்டிலிலிருந்து ஆவி கசிவது போன்ற ஓசை. அந்த அறைக்குள் வாட்சனுக்கே எதுவும் தெரியவில்லை, கேட்கத்தான் முடிகிறது. வானொலி நேயருக்கும் வாட்சனுக்கும் அங்கே ஒரே நிலைமை.

பிறகு 1939இல் பேசில் ராத்போனும் நைஜல் புரூஸும் வந்தார்கள். 40களில் அந்தத் தொடருக்கு ஒரு வழக்கம் இருந்தது: அறிவிப்பாளர் வயதான வாட்சனின் வீட்டுக்குப் போவார், இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது வாட்சன் பழைய வழக்கு ஒன்றை எடுத்துச் சொல்வார். இடையிடையே ஒயின் விளம்பரமும் வரும். கதைசொல்லியை வைத்துக்கொள்ள அது ஒரு சுலப வழி. என் மனக்குறை புரூஸின் வாட்சன் மீதுதான். தடுமாறுகிற, எதுவும் புரியாத கிழவராக ஆக்கிவிட்டார்கள். போர்க்களத்தில் குண்டடி பட்டுத் திரும்பிய மருத்துவர் அவர்! ஹோம்ஸ் உயிரை நம்பி ஒப்படைக்கிற ஆள் அப்படியா இருப்பார்?

எனக்கு வாட்சன் என்றால் பிபிசியின் மைக்கேல் வில்லியம்ஸ். அவரும் ஹோம்ஸாக நடித்த கிளைவ் மெரிசனும் 1989 முதல் 1998 வரை நான்கு நாவல், 56 சிறுகதை, ஆக 60 கதைகளையும் நடித்து முடித்தார்கள். ஒரே இணை மொத்தத்தையும் முடித்தது அதுதான் முதல் முறை. முதன்மை எழுத்தாளர் பெர்ட் கூல்ஸ். வில்லியம்ஸின் வாட்சன் அறிவுள்ளவர், கோபப்படுகிறவர், சில நேரம் நண்பனின் போக்கில் மனம் நோகிறவர். 2001இல் வில்லியம்ஸ் மறைந்த பிறகு ஆண்ட்ரூ சாக்ஸ் அந்த இடத்துக்கு வந்து, புதிதாக எழுதிய கதைகளில் நடித்தார்.

டீச்சர், முன்மாதிரி கேட்டீர்களே. மெரிசன் தொடரைக் கேளுங்கள். வேகத்துக்காக அல்ல, இரண்டு மனிதர்கள் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்ற உணர்வுக்காக.

டோங்காட் அக்கா

வாத்தியார் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனா நீங்க யாரும் ‘சில்வர் பிளேஸ்’ பக்கமே போகலையே! நம்ம சனத்துக்குன்னு எழுதினது மாதிரி ஒரு கதை. துப்பே மட்டன் கறியில இருக்கு.

கதை தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நெத்தியில வெள்ளைச் சுட்டி உள்ள பந்தயக் குதிரை, பந்தயத்துக்குச் சில நாள் முன்னாடி லாயத்திலிருந்து காணாமப் போவுது. பயிற்சியாளர் ஸ்ட்ரேக்கர் வெளியில செத்துக் கிடக்கிறார். காவல் இருந்த பையன் அபின் மயக்கத்துல கிடக்கிறான். அன்னைக்கு ராத்திரி வேலைக்காரப் பொண்ணு எடித் அவனுக்குக் கொண்டுபோன சாப்பாடு மட்டன் கறி. வழியில ஒரு அந்நியன் அவகிட்ட வந்து பேச்சுக் கொடுக்கிறான். அதனால எல்லாரும் அவன்தான் கறியில அபினைப் போட்டான்னு நினைக்கிறாங்க.

ஹோம்ஸ் யோசிக்கிறது எப்படி? அபின் பொடிக்கு ஒரு ருசி இருக்கு. சாதாரண சாப்பாட்டுல போட்டா முதல் வாயிலேயே தெரிஞ்சிடும். கறியில போட்டா மசாலா அதை மூடிடும். சரி, அந்த ராத்திரி அந்த வீட்டுல கறிதான் சமைக்கணும்னு எங்கிருந்தோ வந்த அந்நியன் எப்படி ஏற்பாடு பண்ண முடியும்? முடியாது. சமையலைத் தீர்மானிக்கிறது வீட்டுக்காரங்க. அப்போ வீட்டுக்குள்ளேயே பாரு!

இதைப் படிச்சப்போ நான் எழுந்து உட்கார்ந்துட்டேன். சமைக்கிற ஆளு யோசிக்கிற யோசனை இது. கண்ணுக்கும் வேலை இல்ல, காதுக்கும் வேலை இல்ல. நாக்குக்குத்தான் வேலை. ரேடியோவுக்கு இதைவிட வேற என்ன வேணும்? நம்ம பிள்ளைங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டன் கறின்னா என்னன்னு சொல்லித் தரணுமா?

புதுவரவு, கேப்டவுன்

அக்கா, கதை அருமை, ஒத்துக்கறேன். ஆனா இதில்தான் என் கேள்வியும் இருக்கு. கதையைப் படிக்கிறவனுக்கு ‘கறி’ன்னு ஒரு சொல் கண்ணில் பட்டுட்டுப் போயிடும். பின்னாடி புரட்டிப் பார்க்கலாம். நாடகத்தில் எடித் ‘மட்டன் கறி கொண்டு போறேன்’னு சொன்னா, எதுக்குச் சமையல் பேரையெல்லாம் சொல்றான்னு நேயர் உடனே உஷாராயிடுவார். துப்புன்னு காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். சொல்லாம விட்டா, கடைசியில் ஹோம்ஸ் விளக்கும்போது ‘இதை எங்ககிட்ட சொல்லவே இல்லையே’ன்னு கோபம் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி நடக்கறது?

டோங்காட் அக்கா

தம்பி, வீட்டுல சாப்பாட்டைப் பத்தி யாராவது பேசாம இருக்காங்களா? எடித் தட்டைத் தூக்கிட்டுப் போறா, ‘சூடு ஆறுறதுக்குள்ள கொடுத்துட்டு வர்றேன்’னு மட்டும் சொல்லட்டும். அங்க ஜன்னல்கிட்ட காவல் பையன் வாசனை பிடிச்சுட்டு, ‘ஆகா, இன்னைக்குக் கறியா!’ன்னு சந்தோஷப்படட்டும். அவன் பசியில சொல்றான். கேக்கிறவங்களும் பசியிலதான் கேப்பாங்க, துப்புன்னு நினைக்க மாட்டாங்க. அதுக்கு அடுத்த வரியிலேயே இருட்டுல இருந்து அந்நியன் குரல் வரணும். எல்லாக் கவனமும் அவன் மேல போயிடும்.

லெனேசியா ஒலிக்காரன்

*டோங்காட் அக்கா எழுதியது: அடுத்த வரியிலேயே இருட்டுல இருந்து அந்நியன் குரல் வரணும்.*

இதுதான் கைவேலை. துப்பு வந்தவுடனே அதைவிடப் பெரிய சத்தம் ஒண்ணைப் போட்டு மூடணும்.

அந்தக் கதையில் இன்னொரு துப்பு இருக்கே, ராத்திரி நாய் குரைக்காம இருந்தது, அதாவது வந்தவர் அதுக்குத் தெரிஞ்ச ஆள். எல்லாரும் மேற்கோள் காட்டுற இடம். ஒலி ஆளுக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை அதுதான். கேட்காத சத்தத்தை எப்படிக் கேட்க வைக்கிறது? ராத்திரிக் காட்சியில் நாய் ஓசை இல்லைன்னா அது யாருக்கும் தெரியாது. நாடகத்தில் இல்லாத ஓசை ஆயிரம் இருக்கு. அதில் நாயும் ஒண்ணு, அவ்வளவுதான்.

நான் செய்யப் போறது இது. முதலில் நாய் இருக்குன்னு நேயர் காதில் பதியணும், அதுவும் ஒரு பழக்கமா பதியணும். ஹோம்ஸும் வாட்சனும் வண்டியில் லாயத்துக்கு வந்து இறங்குறப்போ நாய் குரைக்கும், யாராவது அதட்டுவாங்க. இன்ஸ்பெக்டர் உள்ளே வரும்போது இன்னொரு தடவை. எடித் பழைய சம்பவத்தைச் சொல்லும்போது, அந்நியனைப் பார்த்துப் பையன் ஓடிப்போய் நாயை அவிழ்த்து விடுவானே, அங்கே சங்கிலி உரசுற ஓசையோட ஆவேசமான குரைப்பு. மூணு தடவை ஆச்சு. வேற ஆள் வந்தா அந்த நாய் குரைக்கும்னு மனசு தானா எழுதி வச்சுக்கும்.

அப்புறம் ராத்திரி ஒரு மணி. ஸ்ட்ரேக்கர் மனைவி சொல்றபடி ஜன்னலில் மழை அடிக்குது, புருஷன் உடுத்திக்கிட்டு வெளியே போறார். மழை, காலடி, லாயத்துக் கதவு, குதிரைக் குளம்பு. நாய் இல்லை. எதையும் சுட்டிக் காட்ட மாட்டேன். கூர்மையான பிள்ளை ஒண்ணு கேட்டுக்கிட்டு இருக்கும்போதே ‘நாய் எங்கே?’ன்னு கேட்கும். அந்தக் கேள்வி வரணும், அதுக்குத்தான் இவ்வளவு பாடு.

குளம்புக்குச் சிரட்டைதான். கோயிலில் உடைச்ச தேங்காய் நிறையக் கிடைக்கும். கல் தரைன்னா பலகையில் தட்டணும். அந்தக் கதை நடக்கிற புல்வெளிக்கு மண் நிரப்பின தட்டில் தட்டணும், இல்லைன்னா குதிரை வீதியில் ஓடுற மாதிரி இருக்கும். மழைக்கு முறத்தில் அரிசியை மெதுவா உருட்டினால் போதும். கணினியில் கிடைக்கிற மழையைவிட நல்லா இருக்கும், ஏன்னா பிள்ளைங்க அதை நடிக்கிறவங்களோட பேச்சுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைக்கலாம்.

பெனோனிக்காரன்

எல்லோரும் ஓசையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கதையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

டீச்சர், நீங்கள் ‘பிளாஞ்ச்ட் சோல்ஜர்’ எடுப்பதானால், அதை எழுதியவர் இந்த மண்ணில் யார் பக்கம் நின்றார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டாயில் 1900இல் ப்ளூம்ஃபொன்டெயினில் போர் மருத்துவமனையில் வேலை செய்தார். குடற்காய்ச்சலில் சிப்பாய்கள் கொத்துக்கொத்தாகச் செத்ததைப் பார்த்தார். அது மரியாதைக்குரிய வேலை. அதே மனிதர் 1902இல் பிரிட்டிஷ் தரப்பை நியாயப்படுத்தி ஒரு சிறுநூல் எழுதி உலகெங்கும் அனுப்பினார். அந்தப் போரில் பிரிட்டிஷார் அடைத்து வைத்த முகாம்களில் சுமார் 26,000 போயர் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். கறுப்பின மக்களுக்கான தனி முகாம்களில் 14,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களைப் பற்றி வெகுகாலம் யாரும் பேசவே இல்லை. சிறுநூல் வெளிவந்த அதே ஆண்டு டாயிலுக்கு சர் பட்டம் கிடைத்தது.

இன்னொன்று. அந்தக் கதையின் ரகசியம் தொழுநோய் பற்றிய பயம். காயம்பட்ட பையன் இருட்டில் ஒரு கட்டடத்துக்குள் போய்ப் படுக்கையில் விழுகிறான். விடிந்து பார்த்தால் அது தொழுநோயாளிகளின் விடுதி. அங்கிருந்தவர்களை டாயில் வர்ணிக்கிற விதம் எனக்கு ஏற்கவில்லை. நம் நாட்டில் ராபன் தீவில் 1846 முதல் 1931 வரை தொழுநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்து வைத்திருந்தார்கள். இன்று மாத்திரையில் குணமாகிற நோய். பிள்ளைகள் அந்த வர்ணனையை அப்படியே நடிக்கக் கூடாது.

மலைச்சரிவு, சாட்ஸ்வர்த்

பெனோனி அண்ணா, இரண்டாவது விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அந்த விடுதிக் காட்சியில் நோயாளிகளைப் பயமுறுத்தும் கூட்டமாகக் காட்டப் போவதில்லை. டச்சு மொழியில் யாரோ ஒருவர் பதற்றத்தோடு எதையோ சொல்கிறார், காயம்பட்டவனுக்குப் புரியவில்லை. தன் படுக்கையை ஒருவன் பிடித்துக்கொண்டால் யார்தான் பதறமாட்டார்கள்? அந்த மனிதரின் பக்கத்திலிருந்தும் காட்சி நியாயமாக இருக்கும். அரசியலை ஒலிபரப்புக்கு முன் ஓர் அறிமுகவுரையில் சொல்லலாம். கதைக்குள் திணித்தால் நாடகம் உட்கார்ந்துவிடும்.

டோங்காட் அக்காவின் கறி என்னையும் ஆட்டிவிட்டது. ஆனாலும் என் கதையை விட மனசில்லை. உங்கள் பேச்சைக் கேட்ட பிறகு மறுபடி ஒரு தடவை படித்தேன். காதுக்கும் மூக்குக்கும் ஏற்ற இடங்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. ஹோம்ஸ் அந்த வீட்டுக்குள் நுழைகிறார். வயசான வேலைக்காரர் பழுப்பு நிறத் தோல் கையுறை போட்டிருக்கிறார். ஆட்களைப் பார்த்ததும் அவசரமாகக் கழற்றிக் கூடத்து மேசையில் வைக்கிறார். ஹோம்ஸ் தன் தொப்பியையும் அதே மேசையில் வைத்து, தவறி விழுந்தது போலத் தட்டிவிட்டு, எடுக்கக் குனிகிற சாக்கில் கையுறையை மோந்து பார்க்கிறார். தார் வாசனை. கிருமிநாசினி போட்ட கையுறை! தொப்பி விழும் சத்தம், ஒரு சின்ன மூச்சு இழுப்பு. ஒரு வர்ணனையும் வேண்டாம்.

அதைவிட முக்கியமான இடம், வீட்டுக்காரக் கர்னல் இவர்களை வெளியே துரத்தப் பார்க்கும்போது வருகிறது. ஹோம்ஸ் குறிப்பேட்டில் ஒரே ஒரு சொல்லை எழுதி அவரிடம் நீட்டுகிறார். கர்னல் அதைப் பார்த்து நாற்காலியில் சரிந்துவிடுகிறார். என்ன சொல் என்று கதையும் அந்த இடத்தில் சொல்வதில்லை. படம் என்றால் கேமராவை வளைத்து வளைத்துக் காகிதத்தை மறைக்க வேண்டும், பார்க்கிறவருக்கு எரிச்சல் வரும். வானொலியில் அது தானாகவே மறைந்துதான் இருக்கிறது.

எனக்கு மிச்சமிருக்கிற கவலை ஒன்றே ஒன்று. இந்தக் கதையில் வாட்சன் இல்லை. கல்யாணமாகிப் போய்விட்டார். ஹோம்ஸ் தானே எழுதுகிறார். கதை சொல்ல யாரை வைப்பது?

மரிட்ஸ்பர்க் வாத்தியார்

ஹோம்ஸையே பேச விடுங்கள். தானே பேனாவை எடுத்த பிறகுதான், கதையை வாசகருக்குச் சுவைபடச் சொல்லியாக வேண்டும் என்பதே தனக்கு உறைக்கிறது என்று அந்தக் கதையின் தொடக்கத்தில் ஹோம்ஸ் ஒப்புக்கொள்கிறார். வாட்சனின் அருமை அவருக்குப் புரிகிற இடம் அது. ஒலிவாங்கி முன் அவர் தயங்கித் தயங்கித் தொடங்கட்டும். நேயரை நேராகப் பார்த்துப் பேசட்டும். அங்கே கேட்டுக்கொண்டிருப்பவர்தான் வாட்சனின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

இந்தச் சிக்கலை இன்றைய ஆட்களும் அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். 2023இல் தொடங்கிய ‘ஷெர்லாக் அண்ட் கோ’ என்ற பாட்காஸ்டில் வாட்சன் இந்தக் காலத்து ஆள். வழக்குகளைக் கையோடு பதிவுசெய்து பாட்காஸ்டாக வெளியிடுகிறார். எதற்காக ஒரு மைக் அங்கே இருக்கிறது என்ற கேள்விக்குக் கதையே பதில் சொல்லிவிடுகிறது. பிள்ளைகளுக்கு அதைக் கேட்கக் கொடுங்கள், அவர்கள் வயசுக்கு நெருக்கமாக இருக்கும்.

பெனோனித் தம்பி போர் பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அறிமுகவுரை வைப்பதானால் நம் ஆட்களைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். டாயில் ப்ளூம்ஃபொன்டெயின் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை இதே நேட்டாலில் கொலென்சோ, ஸ்பியோன் கோப் களங்களில் தூக்குக்கட்டில் சுமந்தது. ஏறக்குறைய 1,100 பேர். அதில் சுமார் 300 பேர்தான் சுதந்திர இந்தியர், மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். கரும்புத் தோட்டத்திலிருந்து போனவர்கள். அந்தக் கதையில் குண்டடி பட்ட பையனைப் போன்றவர்களைத் தோளில் தூக்கியவர்கள் நம் கொள்ளுத்தாத்தாக்கள். பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு நடித்தால் அந்தப் போர் அவர்களுக்கு வெள்ளைக்காரன் கதையாக மட்டும் இருக்காது.

பெனோனிக்காரன்

வாத்தியார் ஐயா சொன்னது சேர்ந்தால் எனக்கு மறுப்பு இல்லை. அறிமுகவுரையை நான் எழுதித் தருகிறேன். ஒரு நிமிடத்துக்கு மேல் போகாது.

புதுவரவு, கேப்டவுன்

உரிமைப் பிரச்சினை ஏதும் வராதா? கதையை நாடகமாக்கி இணையத்தில் போடலாமா?

லெனேசியா ஒலிக்காரன்

மூலக் கதை யாருக்கும் சொந்தம் இல்லை. டாயில் இறந்தது 1930. நம்ம சட்டப்படி எழுத்தாளர் இறந்து 50 வருஷம்தான் உரிமை. கடைசிக் கதைகளுக்கு அமெரிக்காவில் இருந்த உரிமையும் 2023 தொடக்கத்தோட முடிஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு, பிபிசிக்காக எழுதின வசனம் எழுதினவங்களுக்குச் சொந்தம். ஸ்பிரிங்போக் வசனமும் அப்படித்தான். கேட்டுக் கத்துக்கலாம், அப்படியே எடுத்துத் தமிழாக்கக் கூடாது. டாயில் கதையைப் பக்கத்தில் வச்சுக்கிட்டு நம்ம வசனத்தை நாமளே எழுதணும்.

மலைச்சரிவு, சாட்ஸ்வர்த்

அப்படித்தான் செய்திருக்கிறேன். அந்தக் காகிதக் காட்சியை எழுதிப் பார்த்தேன். டாட் என்பவன் ஹோம்ஸிடம் வந்த நண்பன், காட்ஃபிரே காணாமல் போன பையன், ரால்ஃப் அந்த வயசான வேலைக்காரர். படித்துவிட்டு வெட்ட வேண்டியதை வெட்டுங்கள்.

*(கூடம். கடிகாரத்தின் டிக் டிக்.)*

*கர்னல்: போதும். என் மகன் ஊரில் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. ரால்ஃப், போலீசுக்கு ஆள் அனுப்பு.*

*டாட்: ஐயா, காட்ஃபிரேயை நான் என் கண்ணால் பார்த்தேன். இந்த ஜன்னலில்தான் பார்த்தேன்.*

*கர்னல்: வெளியே போ!*

*ஹோம்ஸ்: போகிறோம் கர்னல். போலீஸ் வந்தால் நீங்கள் எதைக் காப்பாற்ற நினைக்கிறீர்களோ அதுதான் முதலில் போகும். ஒரு நிமிடம்.*

*(காகிதம் கிழிபடும் ஓசை. பென்சில் எழுதும் ஓசை.)*

*ஹோம்ஸ்: இதைப் பாருங்கள். நாங்கள் வந்தது இதற்காக.*

*(கடிகாரம். நாற்காலி கிறீச்சிடுகிறது.)*

*கர்னல் (குரல் உடைந்து): இது உமக்கு எப்படித் தெரியும்?*

*டாட்: மிஸ்டர் ஹோம்ஸ், அதில் என்ன எழுதியிருக்கிறது? கர்னலுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டதே!*

டோங்காட் அக்கா

நல்லா இருக்கு டீச்சர். கர்னல் மேல எனக்கு இரக்கம் வந்துடுச்சு. பிள்ளையை ஊருக்குத் தெரியாம பொத்தி வச்சுக்கிட்டு இருக்கிற தகப்பன் கோபமாத்தான் பேசுவார். அந்த வேஷத்துக்குப் பெரிய பையனா பாருங்க, கத்தத் தெரிஞ்சா மட்டும் போதாது.

லெனேசியா ஒலிக்காரன்

டாட்டோட கடைசி வசனத்தை எடுத்துடுங்க. முகம் வெளுத்ததைச் சொன்னால் கண்ணுக்குத் தெரியறதை வாயால் சொல்ற பழைய தப்பு வந்துடும். நாற்காலி சரியறதும் குரல் உடையறதும் போதும். என்ன எழுதியிருக்குன்னு டாட் கேட்கவும் வேண்டாம். கேட்கிறவங்க தங்களுக்குள்ளே அதைக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. அவன் கேட்டுட்டா அவங்களுக்கு வேலை இல்லாமப் போயிடும்.

பென்சில் ஓசையை மட்டும் கொஞ்சம் நீட்டுங்க. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஏழு எழுத்து, அவ்வளவு நேரம் எழுதணும். பத்து நொடி கீறினால் ஹோம்ஸ் கடிதம் எழுதற மாதிரி இருக்கும். கடிகாரம் காட்சி தொடக்கத்திலிருந்தே ஓடணும். காகிதம் கை மாறினதும் அது தனியாக் கேட்கும், நான் அதைக் கூட்டவே தேவையில்லை.

புதுவரவு, கேப்டவுன்

இந்தக் காட்சியை வாசிப்பாக் கேட்டா ‘ஒரு சொல்லை எழுதினேன்’னு ஹோம்ஸ் சொல்லிட்டுப் போயிடுவார். இங்கே பென்சிலும் கடிகாரமும் இருக்கு. நாடகத்துக்கு என் ஓட்டு. ஹோம்ஸ் குரலுக்கு ஆள் கிடைக்கலைன்னா நான் தொலைவிலிருந்து பதிவுபண்ணி அனுப்பறேன், ஆனா பிள்ளைகளில் ஒருத்தர் செய்யறதுதான் முறை.

மலைச்சரிவு, சாட்ஸ்வர்த்

ஒலிக்கார அண்ணா, டாட்டின் கடைசி வசனம் போய்விட்டது. ஹோம்ஸாக நடிக்க இரண்டு பிள்ளைகள் கேட்கிறார்கள், அதில் ஒரு பெண் பிள்ளைக்குக் குரல் நிதானமாக இருக்கிறது. அவளுக்கே கொடுக்கப் போகிறேன். அக்கா, அடுத்த பருவத்துக்கு ‘சில்வர் பிளேஸ்’ என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். எடித், காவல் பையன் காட்சியை நீங்களே எழுதித் தர வேண்டும்.

டோங்காட் அக்கா

எழுதித் தர்றேன். நாய்க் குரல் மட்டும் யாரையும் போலியாப் பண்ண விடாதீங்க, எங்க வீட்டு நாயையே பதிவுபண்ணி அனுப்புறேன். வேத்து ஆள் கேட்டுக்கு வந்தா அது விடாது.

லெனேசியா ஒலிக்காரன்

கேட்டுக்கு உள்ளேயிருந்து ஒண்ணு, தெருவிலிருந்து ஒண்ணு, இரண்டு தூரத்தில் பதிவு பண்ணுங்க அக்கா. ஃபோனைத் துணியில் சுத்தி வைக்காதீங்க, காற்றுக்கு முதுகு காட்டி நின்னா போதும்.